சாமைக்காடும் சந்தனக்காடும்: ஜவ்வாது மலையின் கதை

"மலையாளி" என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கேரளாவும், புட்டும், மோகன்லாலும்தான். ஆனால் போளூரிலிருந்து மேற்கே ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் "நீங்க மலையாளியா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமா" என்பார். அவருக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை கூடத் தெரியாது! பேசுவது தமிழ், கும்பிடுவது தமிழ்நாட்டுச் சாமிகள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. ஜவ்வாது மலை, ஏலகிரி, சேர்வராயன், கல்ராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று வரிசையாக எல்லா மலைகளிலும் இந்த மக்கள் இருக்கிறார்கள். அரசாங்கப் பட்டியலில் பழங்குடியினர். ஜாதிச் சான்றிதழ் வாங்கப் போகும் இடத்தில் கேரளாக்காரர் என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளும் அலுவலர்கள் இப்போது குறைந்திருப்பார்கள் என்று நம்புவோம்.

ஜவ்வாது மலை (சவ்வாது மலை என்றும் எழுதுகிறார்கள்) கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மலையின் தலைநகர் மாதிரி. வட்டாட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம், சந்தை எல்லாம் அங்கேதான். ஊர்ப் பெயர்களைக் கவனித்தாலே இது எப்படிப்பட்ட நிலம் என்று தெரிந்துவிடும். ஜமுனாமரத்தூர், பலாமரத்தூர், நெல்லிவாசல், பட்டறைக்காடு, கானமலை... மரமும் காடும் மலையும் இல்லாத பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு வகைப் பெயரும் உண்டு. திருப்பத்தூர் பக்கம் புதூர் நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்று மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. "நாடு" என்பது பல ஊர்கள் சேர்ந்த பழைய நிர்வாகப் பிரிவு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தட்டுப்படும் அந்தச் சொல் சமவெளியில் எப்போதோ பேச்சிலிருந்து கழன்றுவிட்டது. மலையில் பஞ்சாயத்துப் பலகையிலேயே தொங்குகிறது.

செய்யாறு, கமண்டல நாகநதி, மிருகண்டா நதி எல்லாம் இந்த மலையில் பிறந்து கீழே போகின்றன. அவ்வளவு ஆறு பிறந்தும் மலைமேல் இருப்பவனுக்குப் பாசனம் கிடையாது. தண்ணீர் சரிவில் ஓடிவிடும். மேலே உள்ள விவசாயம் முக்கால்வாசி மானாவாரி. வானம் பார்த்த பூமி என்று ராமநாதபுரத்தைச் சொல்வார்கள். இங்கே வானத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்துகொண்டு வானம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மக்கள் எப்படி மலைக்கு வந்தார்கள்? அதற்கு அவர்களிடமே ஒரு கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் அது பதிவாகி, பிறகு 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற பெரிய தொகுப்பிலும் இடம் பெற்றது. கதை இதுதான். காஞ்சிபுரத்து வெள்ளாளர்களிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். இவர்கள் ஏளனமாக மறுத்தார்கள். கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். போகும்போது மனைவிமாரிடம், "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று காரியம் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் பயந்து திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டன! வீட்டில் கருமாதி முடிந்தது. மனைவிமார் தாலியறுத்தார்கள். அங்கே வேடர்களை வென்று ஊர் திரும்பிய ஏழு பேரும், தாங்கள் ஏற்கெனவே செத்துப்போனவர்கள் என்று தெரிந்துகொண்டார்கள். சாதிக்குள் இடமில்லை. வேடர் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு ஜவ்வாது மலைக்குப் போய் ஏர் பிடித்தார்கள்.

கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் இதே மக்களிடம் வேறு கதை. மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பார்கள். எந்தக் கதையானாலும் காஞ்சிபுரம் மட்டும் மாறுவதில்லை. உண்மையில் நடந்ததா என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் கதை சொல்லவரும் செய்தி தெளிவானது. நாங்கள் காட்டில் திரிந்தவர்கள் அல்ல, கீழேயிருந்து ஏரும் விதையும் கொண்டுவந்தவர்கள், கீழே இருப்பவர்கள்தான் எங்களைச் செத்தவர்கள் என்று எழுதிவிட்டார்கள் என்பதே அது. பின்னால் வரும் வரலாற்றைப் பார்க்கும்போது இந்தக் கதையைச் சும்மா கட்டுக்கதை என்று தள்ளிவிட மனம் வராது.

மலையாளிகளுக்கு முன்பும் அங்கே ஆள் இருந்திருக்கிறார்கள். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் கீழ்செப்பிலி என்ற ஊரில் கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடிய கல்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியவை. ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "குள்ளர் குகை". இவ்வளவு சின்ன வீட்டில் யார் இருந்திருக்க முடியும்? குள்ளர்கள்தான்! கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு சாட்சியம் ஒளிந்திருக்கிறது. இது எங்கள் பாட்டன் கட்டியது என்று மலை மக்கள் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த வேறு யாரோ கட்டியது என்கிறார்கள்.

அதற்கும் முந்திய புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகள் இந்த மலைக் கிராமங்களில் கிடைக்கின்றன. பல இடங்களில் அவற்றை மரத்தடியில் வைத்து மஞ்சள் குங்குமம் பூசிச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோது கருகிப்போன கேழ்வரகும் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அதாவது மலையடிவாரத்தில் சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மானாவாரிப் பயிர் நடந்திருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கத்து வீட்டில் கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும்தான். இவ்வளவு நீண்ட காலம் மாறாத சாப்பாட்டுப் பட்டியல் உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கும்?

அடுத்து மாடு. ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம். சங்க இலக்கியத்தில் செங்கண்மா என்று வரும் ஊர் இதுதான். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்ற இந்தப் பகுதி அரசனைப் பற்றியது. பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வது போன்ற பாட்டு. இன்றைய ஆட்கள் கூகுள் மேப் பார்ப்பது போல, எங்கே பன்றிப்பொறி வைத்திருப்பார்கள், எங்கே யானையை விரட்டக் கவண்கல் பறக்கும், எந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அந்த ஆறு சேயாறு, நம் செய்யாறுதான். வழியில் பார்க்கப்போகும் பயிர்கள் என்று எள், தினை, அவரை, வரகு, மலைநெல், இஞ்சி, வாழை என ஒரு பட்டியல் வருகிறது. ஆட்டு மந்தைக்காரர்களோடு இரவு தங்கலாம், பால் கிடைக்கும், தோல்படுக்கை கிடைக்கும், நெருப்பைத் துணையாக வைத்துக்கொண்டு தூங்கலாம் என்றும் வருகிறது. வழி பிரியும் இடங்களில் வீரர்களின் பெயர் எழுதிய நடுகற்கள் நிற்கும் என்பதையும் புலவர் விடவில்லை.

அந்த நடுகற்கள்தான் செங்கத்தை வரலாற்று மாணவர்களிடம் பிரபலமாக்கின. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமி பதிப்பாசிரியராக "செங்கம் நடுகற்கள்" என்ற நூலை வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் ஏராளம் அதில் உள்ளன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல் "தொறு". மாட்டு மந்தை என்று பொருள். தொறு கவர்ந்தபோது செத்தவன், தொறு மீட்டபோது செத்தவன்... கல்லுக்குக் கல் இதேதான். அப்போது சொத்து என்றால் மாடு. வங்கியும் அதுதான், வட்டியும் (கன்று!) அதுதான். கொள்ளையடிக்க வருபவனும் அதைத்தான் குறி வைப்பான். நெல் விளையும் ஆற்றுப்படுகைக்குத் தானமும் பிரம்மதேயமும் கோயில் கணக்கும் வரலாறாக எழுதப்பட்டது. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்துக்கு மாடு காத்துச் செத்தவனே வரலாறு.

அவற்றில் ஒரு கல்லை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. பழைய செங்கம் வட்டத்து எடுத்தனூரில் கிடைத்தது, முதலாம் மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும்போது விழுந்தான். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். பல்லவப் பேரரசன் பெயரும் ஒரு நாயின் பெயரும் ஒரே கல்லில்! பாலாற்றில் பாதியில் திரும்பிய அந்த ஏழு நாய்களின் அவப்பெயரைக் கோவிவன் கொஞ்சம் கழுவிவிட்டது என்று சொல்லலாம்.

இடைக்காலத்தில் மலை ஒதுங்கிக் கிடந்தது என்றுதான் பொதுவாக நினைப்போம். 2025 நவம்பரில் அந்த நினைப்புக்கு ஒரு அடி விழுந்தது. ஜவ்வாது மலையில் கோவிலூரில் பழைய சிவன் கோயிலைப் புதுப்பிக்கத் தோண்டியபோது ஒரு மண்பானையில் நூற்றுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. சாமை விளையும் மலையில் பொன்னுக்கு என்ன வேலை? காரணம் வியாபாரமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தேன், மெழுகு, கடுக்காய், புளி, சந்தனம் எல்லாம் கீழே இருப்பவர்களுக்கு வேண்டும், அவை மேலேதான் கிடைக்கும்.

இனி சாமை. தமிழ்நாட்டில் சாமை அதிகம் பயிராகும் இடங்களில் ஜவ்வாது மலை முக்கியமானது. நெல்லைப் போல் நீர் தேங்க வேண்டாம். சரிவான, கல் நிறைந்த, சத்துக் குறைந்த மண்ணிலும் வரும். மழை தொடங்கியதும் உழுது விதைத்தால் மூன்று நாலு மாதத்தில் அறுவடை. மாட்டு எரு தவிர பெரிய செலவு இல்லை. மருந்தடிக்கும் வேலையும் பெரும்பாலும் இல்லை. மலை நிலத்தில் ஏர் போகும் இடம் உழவுக்காடு, ஏர் போகாத சரிவில் கையால் கொத்தி விதைத்தால் கொத்துக்காடு. முன்பு காட்டில் ஒரு பகுதியை வெட்டி எரித்து, சாம்பல் மேல் விதைத்து, இரண்டு மூன்று வருஷம் கழித்து அதை ஆறவிட்டு வேறு இடத்துக்குப் போவார்கள். திரும்ப அந்த இடத்துக்கு வரும்போது மறுபடி காடாகியிருக்கும்.

மாடு இங்கே பாலுக்கு வளர்ப்பதைவிட ஏருக்கும் எருவுக்கும் வளர்ப்பது. அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி மாடுகளைப் பிணைத்துச் சுற்றி ஓட்டினால் தானியம் உதிரும். மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய தொம்பையில் கொட்டி வைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி பிடிக்காது. பஞ்ச காலத்துக்கு அதுதான் காப்பீடு. பிரீமியம் கிடையாது.

ஆனால் சாமையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. உமி! கடுகை விடக் கொஞ்சம் பெரிதான தானியம், அதைச் சுற்றிக் கெட்டியான உமி. இதை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி அரிசியாக்க வேண்டும். குத்துவது பெண்கள். விடியற்காலை நாலு மணிக்கு உலக்கைச் சத்தம் கேட்கும் வாழ்க்கையைப் "பாரம்பரியம்" என்று எழுதுவது சுலபம். உலக்கை பிடித்தவரிடம் கேட்டுப் பார்த்தால் வேறு பதில் வரும்.

வணிகவியல் புத்தகத்தில் மதிப்புக்கூட்டல் என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு ஜவ்வாது மலையை விட நல்ல உதாரணம் கிடையாது. மலை விவசாயி சாமையை உமியோடு மூட்டையாக வியாபாரியிடம் கொடுத்துவிடுவார். அது கீழே இறங்கி மில்லுக்குப் போய், உமி நீங்கி, பாக்கெட்டில் அடைபட்டு, சென்னை சூப்பர் மார்க்கெட்டில் "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது" என்ற சீட்டோடு உட்காரும். நூறு கிலோ சாமையில் சுமார் அறுபது முதல் எழுபது கிலோ அரிசிதான் தேறும் என்று கழித்துப் பார்த்தாலும், இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி யார் பையில் போகிறது என்பது சின்னக் கணக்கு. புளிக்கும் தேனுக்கும் இதே கதை. இதைத் தடுக்கத்தான் 1970களில் பழங்குடியினருக்கான பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் (லாம்ப் சொசைட்டி என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும்) நாடெங்கும் தொடங்கப்பட்டன. இருந்தாலும் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ பணம் வேண்டுமென்றால் சங்கத்தில் படிவம் நிரப்பிக் காத்திருக்க முடியுமா? வியாபாரி இரவோடு இரவாக முன்பணம் தருவார். அடுத்த வருஷப் புளி அப்போதே விற்றுப்போகும்.

சரி, இவ்வளவு காடு இருந்தும் இந்த மக்கள் ஏன் ஏழைகள்? இதற்குப் பதில் 1882இல் இருக்கிறது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் ஜவ்வாது மலைக்கு வடமேற்கே ஜோலார்பேட்டையைத் தாண்டிப் போய்விட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். இன்ஜினுக்கு விறகு வேண்டும். சென்னை மாகாணமெங்கும் காடுகள் வேகமாகக் கரைந்தன. அரசு விழித்துக்கொண்டு 1882இல் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடு அழிவதற்குக் காரணம் என்று அதிகாரிகள் பெரும்பாலும் கைகாட்டியது ரயிலை அல்ல, மலையில் எரித்து விதைப்பவனையும் ஆடு மேய்ப்பவனையும்! காப்புக்காடு என்று எல்லை வகுத்துக் கல் நட்டார்கள். நடுகல் நின்ற பூமியில் இப்போது எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் அரசாங்கம். கொத்துக்காடு முறைக்கு மூச்சு நின்றது. ஆறவிட்டிருந்த நிலமெல்லாம் "யாரும் பயிர் செய்யாத நிலம்" ஆகிவிட்டது. மாடு மேய்க்கத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், அனுமதிச் சீட்டு. மாடு எல்லை தாண்டினால் பட்டியில் அடைப்பு, அபராதம். ஆட்டுக்குப் பல காடுகளில் அனுமதியே இல்லை.

மாகாணம் முழுக்கவே இந்த மேய்ச்சல் குறை பெரிதாகி, 1913இல் அரசு ஒரு வனக் குழுவை அமைத்து விவசாயிகளிடம் புகார் கேட்க வேண்டி வந்தது. அதன் பரிந்துரையால் சில காடுகள் கிராமப் பஞ்சாயத்துகளிடம் வந்தன. உயர்ந்த மரம் நிற்கும் காட்டை மட்டும் துறை விடவில்லை.

உலகத்தின் வேறொரு மூலையிலும் இதே மாதிரி நடந்தது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் பழங்குடிகளின் நிலத்தை வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகளாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலத்துக்காரர்கள் அதே நிலத்தில் மாடு மேய்க்கும் கூலிகள் ஆனார்கள். 1966இல் வேவ் ஹில் என்ற பண்ணையில் குரிஞ்சி இனத்தைச் சேர்ந்த சுமார் 200 பேர் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். முதலில் கூலிப் பிரச்சினை மாதிரி இருந்தது. பிறகுதான் அவர்கள் கேட்பது நிலம் என்று எல்லோருக்கும் புரிந்தது. 1975இல் பிரதமர் கஃப் விட்லம் வந்து லிங்கியாரியின் கையில் ஒரு பிடி மண்ணைக் கொட்டினார். (குரிஞ்சி என்ற பெயரைப் பார்த்து நம் குறிஞ்சியோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். வெறும் ஒலி ஒற்றுமைதான்!) ஜவ்வாது மலையில் அப்படி ஒரு நாள் வரவில்லை. 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது பல ஆண்டுகள் இழுத்தது.

இதற்கு நடுவில் சந்தனம். ஜவ்வாது மலை சந்தன மரம் இயற்கையாக வளரும் இடம். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. சந்தன மரம் அரசாங்கத்தின் சொத்து. ஒருவருடைய சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அரசாங்கத்தின் சொத்துதான்! 2002இல்தான் சட்டத்தை மாற்றி நிலத்துக்காரருக்கு உரிமை கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலியில் சந்தனக் கன்று முளைத்தால் ஒரு விவசாயிக்கு அது வரமா, வம்பா? வளர்த்தால் லாபம் இல்லை. வெட்டினால் வழக்கு. திருடன் வெட்டிப் போனாலும் விசாரணைக்கு இவர்தான் போக வேண்டும். சத்தம் போடாமல் பிடுங்கிப் போடுவதே புத்திசாலித்தனம். ஒரு பொருளை வளர்ப்பவனுக்கு அதில் பங்கு இல்லையென்றால் அந்தப் பொருள் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். கடத்தல்காரர்கள் கண்ணில் பட்ட பெரிய மரங்கள் போயின. மரம் வெட்டத் தெரிந்த கைகள் மட்டும் மலையில் மிஞ்சின.

அந்தக் கைகளைத் தேடித்தான் பிறகு தரகர்கள் வந்தார்கள். ஆந்திராவின் சேஷாசலம் காடுகளில் செம்மரம் வெட்டுவதற்கு. மலையில் சாமைக்கு விலையில்லை, மழை பொய்த்தால் அதுவும் இல்லை. கேரளாவுக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்கும், திருப்பூருக்கும், கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் சில நாளில் கிடைக்கும் பெரிய கூலியை நம்பி வண்டி ஏறினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர சிறப்புப் படை சேஷாசலம் காட்டில் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து ஏழைகள்தான் அதிகம். ஜவ்வாது மலைக் கிராமத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். கடத்தல்காரர்கள் என்றார்கள் ஒரு பக்கம். பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்றார்கள் மறுபக்கம். செம்மரத்தை வாங்கிக் கப்பலில் ஏற்றும் முதலாளி ஒருவன் கூட அந்த இருபதில் இல்லை என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் சண்டை போடவில்லை.

அந்தக் கிராமங்களில் பெண்கள் பிணத்துக்குக் காத்திருந்தபோது பாலாற்றுக் கதை யாருக்காவது நினைவுக்கு வந்திருக்குமா தெரியாது. கதையில் போனவர்கள் உயிரோடு திரும்பினார்கள்.

இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டு வானம் என்பதற்காகவே 1960களின் கடைசியில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுபிடித்தபோது அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. மின்சாரம் வராத கிராமங்களின் இருட்டு அறிவியலுக்குப் பயன்பட்டது என்று சொன்னால் கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனால் தப்பில்லை.

சாமை என்ன ஆயிற்று? அதை விரட்டியது ரேஷன் அரிசி என்று இயற்கை விவசாய நண்பர்கள் கோபப்படுவார்கள். 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆன அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம், கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சோறு. இந்த நிலையில் சாமையைக் குத்தாமல் விட்ட பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பசி இல்லாத வருஷங்கள் வந்தது உண்மை. ஆனால் வீட்டில் சமைக்காத தானியத்தை வயலில் எவ்வளவு நாள் விதைப்பார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகச் சாமை, சாப்பிடும் பயிர் என்ற நிலையிலிருந்து விற்கும் பயிர் ஆனது. விற்கும் பயிர் என்றால் விலை பார்க்க வேண்டும். விலையோ வியாபாரி வாயில்.

மாடுகளுக்கும் ஒரு புது நெருக்கடி வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. ஜவ்வாது மலை இந்தப் பட்டியலில் வராததால் மாடுகள் தப்பித்தன. இரண்டு வாரத் தலைவலியோடு போயிற்று.

நல்ல செய்திகளும் உண்டு. 2014இல் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் வந்தது. அங்கே சாமையில் புது ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் பழங்குடி விவசாயிகளே பங்குதாரர்களாக உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கி, சாமையை உமி நீக்கி, தேனையும் புளியையும் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். உலக்கைக்கு இயந்திரம் வந்ததுதான் இதில் பெரிய விஷயம். உமியை மலையிலேயே நீக்கிவிட்டால் அதோடு இடைத்தரகரின் லாபத்திலும் ஒரு பகுதி மலையிலேயே தங்கும். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. தமிழ்நாடு அரசும் சிறுதானிய இயக்கம் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டமும் வந்தது.

கேழ்வரகை அரசு வாங்கக் காரணம் அதற்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இருப்பது. மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன. சாமை இல்லை. ஆனால் மாநில அரசு நினைத்தால் தானே விலை வைத்து வாங்கலாம். சத்தீஸ்கர் மாநிலம் 2021இல் பழங்குடிகளிடமிருந்து வரகையும் குட்கி என்ற தானியத்தையும் விலை அறிவித்து வாங்கத் தொடங்கியது. குட்கி என்பது வேறொன்றும் இல்லை, சாமைதான்.